தாகூர் மறுத்தார், காந்தி அச்சிட்டார்: வாசகர் திருத்தம் கேட்டால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

ரூபாய் நோட்டில் தினமும் பார்க்கும் காந்தி, பல ஆண்டுகள் பத்திரிகை நடத்தியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? எழுதியது தப்பு என்று வாசகர் சொன்னால் அவர் என்ன செய்தார்?

பத்திரிகைக்கு எப்படி வந்தார்?

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்து, 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே 1903-ல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் ஆரம்பத்தில் தமிழ் உட்பட 4 மொழிகளில் வந்தது. பாராட்டு, விமர்சனம், கோபம் என எல்லா வகைக் கடிதங்களும் வந்தன. அவற்றைப் படித்துப் பதில் எழுதுவதைத் தனக்கான பாடமாகவே எடுத்துக்கொண்டார். 1915-ல் இந்தியா திரும்பி, 1919-ல் யங் இந்தியா, நவஜீவன் இதழ்களின் ஆசிரியரானார். யங் இந்தியாவில் எழுதிய கட்டுரைகளுக்காக 1922-ல் 6 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

மறுப்பு வந்தபோது?

1933 பிப்ரவரியில், எரவாடா சிறையில் இருந்தபடியே ஹரிஜன் இதழைத் தொடங்கினார். முதல் இதழுக்கு அம்பேத்கரிடம் வாழ்த்துச் செய்தி கேட்டார். வந்ததோ, சாதி இருக்கும்வரை தீண்டாமை ஒழியாது என்ற விமர்சனம். அதை அப்படியே வெளியிட்டு, தன் பதிலையும் சேர்த்தார்.

1934 ஜனவரி 15-ல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று, சில நாட்களில் திருநெல்வேலியில் பேசினார் காந்தி. இது அறிவியலுக்கு ஒவ்வாதது என்று தாகூர் அறிக்கை எழுதினார். பிப்ரவரி 16 ஹரிஜனில் அந்த அறிக்கையும் வந்தது, காந்தியின் பதிலும் வந்தது.

காந்தி தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா? இல்லை. அந்த விஷயத்தில் தாகூர் பக்கம்தான் நியாயம் என்று இன்று பலரும் சொல்வார்கள். ஆனால் அப்படி முடிவு செய்யத் தேவையான இரண்டு தரப்பும் வாசகர் கைக்கு ஒரே இதழில் போய்ச் சேர்ந்தது.

முன்னுக்குப் பின் முரணாக எழுதினால்?

அந்தக் கேள்வியும் அவருக்கு வந்தது. ஒரே விஷயத்தில் தன் இரண்டு எழுத்துகள் மோதினால், பிந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933 ஏப்ரலில் ஹரிஜனில் எழுதினார். எது பிந்தையது என்று தெரிய தேதி வேண்டும். அச்சில் அது பிரச்சினையே இல்லை. பழைய இதழை யாரும் போய் மாற்ற முடியாது.

இணையத்தில் முடியும். தவறான எண்ணை இரவோடு இரவாக மாற்றிவிட்டால், காலையில் அதைப் படித்துப் பகிர்ந்தவருக்கு விஷயமே தெரியாது. தப்பைச் சுட்டிக்காட்டிய வாசகர்தான் பொய் சொன்னவர் போல நிற்க வேண்டியிருக்கும். அதனால் எது மாறியது, எப்போது மாறியது என்று அதே பக்கத்தில் எழுதுவதுதான் சரி. திருத்தக் கோரிக்கையை ஏற்கவில்லையா? அப்போதும் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு வாதாடியவர்களின் வரிகளை, அவருடைய இதழிலேயே இன்றும் படிக்க முடிகிறது.