பட்டம் பெறாத பெருமகன்

ஸ்பெயின் நாட்டில், எனாரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த பழம்பெரும் ஊர் அல்காலா. கோட்டை என்னும் பொருள்படும் அரபுச் சொல்லே ஊர்ப்பெயராயிற்று. 1499-இல் கர்தினால் சிஸ்னெரோஸ் அங்கே பல்கலைக்கழகம் கண்டார். அதற்கெனவே தெருக்களைத் திட்டமிட்டு எழுப்பினர்.

அவ்வூரில்தான் 1547-இல் செர்வாண்டிஸ் பிறந்தார். தந்தையோ சில்லறை அறுவை வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர். கடன் துரத்த, பிள்ளைப் பருவத்திலேயே குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்தது. பல்கலைக்கழக வாசலில் பிறந்தும் பட்டம் எட்டவில்லை! என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். இச்செய்தி என்னைச் சுட்டது.

1571-இல் லெப்பாண்டோ கடற்போரில் காய்ச்சலோடு போரிட்டார்; இடக்கை வழங்காமற் போயிற்று. 1575 முதல் ஐந்தாண்டுகள் அல்ஜியர்சில் அடிமை வாழ்வு. நான்கு முறை தப்ப முயன்றார், நான்கும் தோல்வி! நாடு திரும்பி வரி தண்டினார். கணக்குத் தகராற்றில் 1597-இல் செவில் நகரச் சிறை புகுந்தார். ஐம்பத்தேழு வயதில், 1605-இல் வெளிவந்ததே ‘டான் குவிக்ஸாட்’. காற்றாலைகளை அரக்கர் என்றெண்ணி ஈட்டியோடு பாயும் அந்தக் கிழவனைக் கண்டு முதலில் சிரித்தேன். போகப் போகச் சிரிக்க முடியவில்லை. 1616-இல் மறைந்தார்.

பல்கலைக்கழகம் 1836-இல் மத்ரித் நகருக்குப் பெயர்ந்தது. 1977-இல் அல்காலாவில் மீண்டும் மலர்ந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 23-இல் அதன் பழைய மண்டபத்தில் ஸ்பானிய மொழி எழுத்தாளருக்கான உயர்ந்த விருதை அளிக்கிறார்கள். விருதின் பெயர் செர்வாண்டிஸ்!