பாவமன்னிப்பும் கிருஷ்ண பிள்ளையவர்கள் வாழ்வும்

கப்பர்நகூம் என்னும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தனர். சனநெருக்கத்தால் வாயில்வழிப் புக இயலாமையின், கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இயேசுநாதர் திருமுன் இறக்கினர். அவர்தம் விசுவாசத்தைக் கண்ட பெருமான், நோயைப்பற்றி ஒன்றும் உரையாது, அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்றே முதற்கண் அருளினார். கடவுளையன்றி மன்னிக்க வல்லார் யாவர் என வேதபாரகர் உள்ளத்தே ஐயுற்றனர். மன்னிப்போ கண்ணுக்குப் புலனாகாதது. அதனை மெய்ப்பிக்கவே, எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு இல்லம் ஏகுமாறு அவனைப் பணித்தார். இவ்வற்புதத்தைச் சிந்திக்குந்தோறும், கிறிஸ்தவக் கம்பர் எனப் புகழப்பெறும் ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்களின் வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியில், 1827-ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே கம்பராமாயணத்தில் திளைத்தவர். 1853-இல் சாயர்புரம் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். கல்வியும் குலப்பெருமையும் உத்தியோகமும் ஒருங்கே வாய்த்த இவருக்குக் குறை யாது என உலகம் வினவும். ஆயினும் உள்ளத்தின் பாரத்தை அவை இறக்கவில்லை. கிறிஸ்தவரான நண்பர் தனக்கோடி ராஜு, கிறிஸ்துவின் அருளை இவருக்கு எடுத்துரைத்தார். கூரையைப் பிரித்த நால்வரைப்போல நண்பர் ஆற்றும் தொண்டு இத்தகையதன்றோ!

அந்நாளில் சமயம் மாறுதல் எளிய செயலன்று. உற்றாரும் குலத்தாரும் விலகுவர். அதனைத் துணிந்தேற்றுச் சென்னை சேர்ந்த பிள்ளையவர்கள், கபாலீசுவரர் கோயிலும் சாந்தோம் ஆலயமும் ஒருங்கே விளங்கும் மயிலாப்பூரில், 1858-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தும், பெர்சிவல் ஐயர் நடத்திய தினவர்த்தமானிப் பத்திரிகைக்குத் துணைபுரிந்தும் வந்தார்.

குணமடைந்தவன், தன்னைச் சுமந்த படுக்கையைத் தானே சுமந்து வீடு திரும்பினான். பிள்ளையவர்களும் தம்மை வளர்த்த தமிழைத் துறந்தாரல்லர். அதனைச் சுமந்தே தென்பாண்டி நாடு மீண்டார். சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் ஆசிரியராய் அமர்ந்து, ஆங்கிலத்தில் பனியன் இயற்றிய மோட்சப் பயண நூலைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தைப் பல்லாண்டு உழைத்துப் பாடினார். 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட அந்நூல் 1894-இல் வெளிவந்தது. பாவச்சுமையோடு புறப்பட்ட யாத்திரிகன், சிலுவையடியில் அச்சுமை நீங்கப்பெறுதலே அதன் உயிர்நிலை. கம்பன் நடையும் ஆழ்வார் பக்தியும் அங்கே கிறிஸ்துவின் புகழுக்குப் பணிசெய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத மன்னிப்பிற்கு, கண்ணாற் காணும் சான்றாய் நின்றது அக்காவியம். 1900-ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார்.

மாணவ நண்பர்காள்! கைகால் நலத்தோடு உலவியும், பழிக்குப் பயந்து உள்ளம் முடங்கிக் கிடப்பார் நம்மிடையே பலருளர். அவர்களைத் தூற்றாது, மன்னிக்கும் பெருமானிடம் சுமந்து செல்லும் நால்வருள் ஒருவராதல் நம் கடன். மன்னிப்புப் பெற்றோமாயின், கிடந்த இடத்திலேயே கிடவாமல், எழுந்து நடத்தலும் நம் கடனேயாம்.