ஆடி வடித்த வானியல் அறிஞர்

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்து கோள்களையும் மக்கள் பண்டைக் காலம் முதலே அறிந்திருந்தனர். வெறுங்கண்ணுக்குப் புலனாகும் அவ்வைந்துக்கும் அப்பால் வேறொரு கோள் உண்டென்று பன்னெடுங்காலம் எவரும் கருதவில்லை. 1781-ஆம் ஆண்டில் அந்நிலை மாறிற்று. அதனை மாற்றியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர்; அரசரின் வானாய்வகத்தில் பணியாற்றியவரும் அல்லர். அவர் பகலெல்லாம் மாணவர்க்கு இசை கற்பித்து வாழ்ந்தவர். வானத்தை நோக்க அவர் கொண்ட தொலைநோக்கியோ, அவர் வீட்டிலேயே, அவர் கையாலேயே செய்யப்பட்டது. அவர்தாம் வில்லியம் ஹெர்ஷல்.

ஹெர்ஷல் 1738-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் படையின் இசைக்குழுவில் ஓபோ என்னும் துளைக்கருவி வாசிப்பவர். அவர் இல்லத்தில் செல்வம் குறைவு. இசையும் அறிவுரையாடலும் நிறைவு. ஹெர்ஷலும் தம் பதினான்காம் வயதில் அவ்விசைக்குழுவில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் படையுடன் போர் மூண்டது. 1757-ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தார்.

அயல்நாட்டில் அவருக்குப் பொருளும் இல்லை, துணையும் இல்லை. இலண்டனில் இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர்ப் பல ஊர்களில் இசை கற்பித்தும், இசை நிகழ்த்தியும் சிறிது சிறிதாக முன்னேறினார். 1766-ஆம் ஆண்டில் பாத் என்னும் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் இசைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. மாணவர் பலர் அவரை நாடினர், வருவாயும் பெருகிற்று.

ஹானோவரில் அவருக்குக் கரோலின் என்னும் தங்கை ஒருத்தி இருந்தாள். இளமையில் நோயுற்றமையால் அவள் உடல் வளர்ச்சி குன்றியது. அவள் உயரம் நான்கேகால் அடியைத் தாண்டவில்லை. அவளை வீட்டு வேலைக்கே உரியவளாகத் தாய் எண்ணினாள். ஹெர்ஷல் தங்கையின் அறிவை மதித்தார். அவளுக்கு ஈடாக வேலையாள் ஒருத்தியை அமர்த்திக்கொள்ளத் தாய்க்கு ஆண்டுதோறும் பொருள் தருவதாக ஏற்று, 1772-ஆம் ஆண்டில் அவளைத் தம்முடன் பாத் நகருக்கு அழைத்து வந்தார். அங்கே கரோலின் ஆங்கிலமும் கணக்கும் பயின்றார். இனிய பாடகராகவும் விளங்கினார்.

இசையின் இலக்கணத்தை ஆராய்ந்த ஹெர்ஷல், அதனைப் பற்றி ராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர் எழுதிய நூலைக் கற்றார். அவ்வறிஞரே ஒளியைப் பற்றியும் ஒரு நூல் இயற்றியிருந்தார். அதனையும் ஹெர்ஷல் நாடிப் பயின்றார். இவ்வாறு ஒலியிலிருந்து ஒளிக்கு வழி பிறந்தது. நூல் கூறிய விண்மீன்களைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது.

அக்காலத் தொலைநோக்கிகள் இருவகைப்பட்டன. ஒருவகை கண்ணாடி வில்லையால் ஆனது. ஒளி வில்லையை ஊடுருவும்போது நிறங்களாகப் பிரிவதால், காணும் பொருளைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றும். இருவேறு கண்ணாடிகளை இணைத்து அக்குறையைப் போக்கும் வழி காணப்பட்டிருந்தது. ஆயினும், குற்றமற்ற பெரிய வில்லைகளை வார்ப்பது அந்நாளில் இயலவில்லை. மற்றொரு வகை, ஒளியைத் திருப்பிக் குவிக்கும் குழியாடியால் ஆனது. ஆடி எல்லா நிறங்களையும் ஒருபடித்தாகவே திருப்பும். 1668-ஆம் ஆண்டில் நியூட்டன் இவ்வகைத் தொலைநோக்கியைச் செய்து காட்டினார். பின்னர், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஷார்ட் என்னும் கைவினைஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடித் தொலைநோக்கிகளைச் செய்து புகழ் பெற்றார். ஆனால் ஹெர்ஷல் விரும்பிய பெரிய ஆடி கடைகளில் கிடைக்கவில்லை. கிடைக்காத பொருளைத் தாமே செய்வதென்று அவர் துணிந்தார்.

1773-ஆம் ஆண்டில், ஆடி தேய்க்கும் கருவிகளை ஒருவரிடம் விலைக்கு வாங்கினார். அன்று முதல் அவர் வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் அமரும் கூடத்தில் தச்சர் குழாய் செய்தனர். உறங்கும் அறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் பொறியை நிறுத்தினார். இசைப் பயிற்சிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் இடையே கிடைத்த பொழுதெல்லாம் ஆடிக்கே உரியதாயிற்று.

அக்கால ஆடி கண்ணாடியால் ஆனதன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்து வார்த்த உலோக வட்டே ஆடியாகும். அவ்வுலோகம் வெண்ணிறமானது, கடினமானது, ஆயினும் எளிதில் உடைவது. வார்த்த வட்டை முதலில் பொடியிட்டுத் தேய்த்துக் குழிவாக்க வேண்டும். பின்னர்க் கீல் பூசிய கருவியின்மேல் நுண்பொடியும் நீரும் இட்டு மெருகிட வேண்டும். குழிவு பந்தின் வளைவாக இருந்தால் மட்டும் போதாது. நடுவில் மயிரிழையினும் மிக நுண்ணிய அளவு ஆழ்ந்திருக்க வேண்டும். அவ்வளவைக் கையின் பழக்கமே அறியும். மெருகிடுங்கால் இடையில் கையை எடுத்தால் உருவம் கெடும். ஒருமுறை ஹெர்ஷல் பதினாறு மணி நேரம் தொடர்ந்து கையை எடுக்காமல் உழைத்தார். அப்போது கரோலின் அவர் வாயில் உணவை ஊட்டினார்; களைப்புத் தோன்றாதிருக்கக் கதை நூல்களைப் படித்துக் காட்டினார். பல ஆடிகள் பழுதாயின. பழுதானவற்றை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதே அவர் வழக்கம்.

அவ்வுழைப்பின் பயன் 1781-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் இரவில் கிட்டிற்று. ஏழடி நீளமும் ஆறங்குலத்திற்குச் சற்று மிகுந்த ஆடியும் உடைய தொலைநோக்கியால் அவர் விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று புள்ளியாகத் தோன்றாமல் சிறு வட்டமாகத் தோன்றியது. சில நாளில் அது இடம்பெயர்ந்தும் இருந்தது. அதனை வால்மீன் என்றே அவர் முதலில் எண்ணினார். அறிஞர் பலர் அதன் பாதையைக் கணக்கிட்டு, அது சனிக்கும் அப்பால் ஞாயிற்றைச் சுற்றும் புதிய கோள் எனத் தெளிந்தனர். அக்கோளே யுரேனஸ். அதனை முன்பே வேறு சிலரும் கண்டு விண்மீன் என்று குறித்துவைத்திருந்தனர். ஹெர்ஷலின் ஆடியோ அதன் வட்ட வடிவத்தைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த ஆண்டில் அவருடைய தொலைநோக்கியைக் கிரீனிச்சு அரசு வானாய்வகத்தில் வைத்து ஒப்பிட்டபோது, அங்கிருந்த கருவிகளினும் அது சிறந்து விளங்கிற்று.

புகழ் வந்த அந்த ஆண்டிலேயே பெருந்தோல்வியும் வந்தது. மூன்றடி அகலமுள்ள ஆடி ஒன்றை வார்க்க எண்ணி, ஹெர்ஷல் தம் வீட்டின் கீழறையில் உலை அமைத்தார். குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துக் களிமண்ணோடு சேர்த்து வார்ப்பச்சு செய்யப்பட்டது. அவ்வேலையில் கரோலினும் பங்கு கொண்டார். முதலில் வார்த்த ஆடி ஆறும்போதே வெடித்தது. இரண்டாம் முறை உலை ஒழுகிற்று. உருகிய உலோகம் கற்றளத்தில் பரவியது. சூடேறிய கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. ஹெர்ஷலும் தம்பியும் வேலையாட்களும் உயிர் தப்பி ஓடினர். வெப்பத்தாலும் களைப்பாலும் சோர்ந்து ஹெர்ஷல் செங்கற் குவியலின்மேல் விழுந்தார். ஆயினும் பேராடி செய்யும் எண்ணத்தை அவர் விடவில்லை.

1782-ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் அளித்தார். அஃது இசையால் அவர் ஈட்டிய வருவாயினும் குறைவு. எனினும் ஹெர்ஷல் இசைத்தொழிலை விடுத்தார். கரோலினும் தமக்குப் பெயர் தந்த பாட்டை விடுத்தார். பற்றாக்குறையை ஈடு செய்ய ஹெர்ஷல் தொலைநோக்கிகளைச் செய்து விற்றார். ஐரோப்பிய அரசர் பலர் அவற்றை விரும்பி வாங்கினர். ஸ்பெயின் மன்னருக்கு அவர் செய்தளித்த இருபத்தைந்தடித் தொலைநோக்கி, 1808-ஆம் ஆண்டில் நெப்போலியனின் படையினரால் மாட்ரிட் நகரில் அழிந்தது.

1783-ஆம் ஆண்டில் இருபதடித் தொலைநோக்கி ஒன்று உருவாயிற்று. அதன் ஆடி ஏறக்குறைய 19 அங்குல அகலமுடையது. இரவுதோறும் ஹெர்ஷல் உயர்ந்த மேடையில் நின்று, கண்டவற்றை உரக்கக் கூறுவார். கரோலின் கீழே விளக்கொளியில் அமர்ந்து, நேரமும் இடமும் குறித்து எழுதுவார். அவ்வாண்டின் கடைசி இரவில், பனி மூடிய தரையில் விரைந்தபோது கரோலின் வழுக்கி இரும்புக் கொக்கி ஒன்றின்மேல் விழுந்தார். கொக்கியில் மாட்டிய காலை விடுவித்தபோது சதை பிய்ந்துவிட்டது. அத்துன்பத்தையும் பொறுத்து அவர் மீண்டும் பணிக்கு வந்தார். அண்ணனும் தங்கையும் இவ்வாறு உழைத்து, வானில் மங்கிய முகில்போல் தோன்றும் 2,500 பொருள்களைக் கண்டு பட்டியலிட்டனர். அதற்குமுன் அறியப்பட்டவை நூற்றுச் சொச்சமே. உலோக ஆடி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆதலால் ஹெர்ஷல் குழாயினுள் இருந்த இரண்டாம் சிற்றாடியை நீக்கி, பேராடியைச் சற்றே சாய்த்து நேராக நோக்கினார். இம்முறையால் 1787-ஆம் ஆண்டில் யுரேனசின் இரு துணைக்கோள்களைக் கண்டார்.

மன்னர் அளித்த 4,000 பவுனைக் கொண்டு ஸ்லோ என்னும் ஊரில் நாற்பதடித் தொலைநோக்கியைச் செய்யலானார். அதன் ஆடி நான்கடி அகலமுடையது. முதலில் வார்த்தது மெல்லியதாய்த் தன் எடையாலேயே வளைந்தது. அடுத்தது ஆறும்போது பிளந்தது. அதன்பின் வார்த்தது ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ளது. அதனை மெருகிட முதலில் இருபத்து நான்கு ஆட்கள் முறை வைத்து உழைத்தனர்; பின்னர் ஹெர்ஷல் அதற்கென ஒரு பொறியை அமைத்தார். 1789-ஆம் ஆண்டில் தொலைநோக்கி நிறைவெய்தியது. அவ்வாண்டிலேயே சனியின் புதிய துணைக்கோள்கள் இரண்டை அவர் அறிவித்தார். உலகிலேயே பெரிய அத்தொலைநோக்கியைக் காண நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வந்தனர்.

ஆனால் அப்பெருங்கருவி எண்ணிய அளவு பயன் தரவில்லை. அதனைத் திருப்பவும் நிறுத்தவும் வேலையாட்கள் வேண்டும். உறுதிக்காகச் செம்பை மிகுதியாகச் சேர்த்தமையால் ஆடி விரைவில் மங்கிற்று. மீண்டும் மெருகிடுதலோ பெருந்தொல்லை. ஆதலால் ஹெர்ஷல் தம் பணியில் பெரும்பகுதியை இருபதடிக் கருவியாலேயே செய்தார். அளவின் பெருமையைவிடச் செயலின் பயனையே அவர் பெரிதாக மதித்தார். நாற்பதடித் தொலைநோக்கி அவர் மறைவுக்குப்பின் 1840-ஆம் ஆண்டளவில் பிரிக்கப்பட்டது. அதன் குழாயின் ஒரு பகுதி கிரீனிச்சில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

1800-ஆம் ஆண்டில், ஞாயிற்றொளியின் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் உள்ளன என்பதை ஹெர்ஷல் கண்டறிந்தார். இலண்டன் வானியல் கழகத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1822-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், 83-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் கண்ட யுரேனஸ் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம் 84 ஆண்டுகள். அவர் வாழ்நாளும் ஏறத்தாழ அவ்வளவே. எட்டு வால்மீன்களைத் தாமே கண்ட கரோலினுக்கு, 1828-ஆம் ஆண்டில் வானியல் கழகம் பொற்பதக்கம் வழங்கியது. வீட்டு வேலைக்கே உரியவள் என்று கருதப்பட்ட அவ்வம்மையார், அறிஞர் போற்ற 97 ஆண்டுகள் வாழ்ந்து 1848-ஆம் ஆண்டில் மறைந்தார்.

உலோக ஆடியின் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கழிந்தது; வெள்ளி பூசிய கண்ணாடி அதன் இடத்தைப் பெற்றது. 2009-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் மூன்றரை மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி ஒன்றை விண்ணுக்கு அனுப்பின. ஹெர்ஷல் முதன்முதல் கண்ட கதிர்களை ஆராய்ந்த அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கருவி இல்லையே என்று அவர் வாளா இருந்திருப்பின், பாத் நகரின் இசையாசிரியருள் ஒருவராக மறைந்திருப்பார். இல்லாத கருவியைத் தம் கையாலேயே ஆக்கத் துணிந்தமையால், அவர் பெயர் வானளாவ நிலைத்தது.