ஓவியர் இரவிவர்மர்

திண்டுக்கல் நகரில் திண்டு போலத் திரண்டு நிற்கும் மலையைக் காலைப் பொழுதில் நோக்குங்கள். அதன் கீழ்ப்புறம் ஒளி பெற்று விளங்கும்; மேல்புறம் இருண்டிருக்கும். மாலையில் இம்முறை மாறும். வெறுங் கோட்டினால் வரைந்தால் மலை தட்டையாகவே தோன்றும். ஒளியையும் நிழலையும் உரிய இடத்தில் வைத்தாலன்றித் திரட்சி புலப்படாது. ஒரு செம்பையும் சிறுமலை வாழைப்பழம் இரண்டையும் பலகைமேல் வைத்து, அவற்றைப் பார்த்து வரையுமாறு ஓவிய ஆசிரியர் பணிப்பது இதனை உணர்த்தற்பொருட்டே. எளிதாகத் தோன்றும் இக்கல்வியை எண்ணெய் வண்ணத்திற் பெறுதற்கு ஒருவர் பட்ட பாடு பெரிது.

அவரே இரவிவர்மர். திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் படம் வரைந்தார். அது கண்ட தாய்மாமன் இராசராச வர்மர் சினந்திலர். தாமும் ஓவியம் அறிந்தவராதலின் மருகனுக்கு முதற்பாடம் புகட்டினார். 1862இல் திருவனந்தபுரம் சென்ற இரவிவர்மர், ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார்.

அங்கே நீர் வண்ணம் அவர்க்குக் கைவந்தது. எண்ணெய் வண்ணமோ எட்டாக்கனியாக நின்றது. அவ்வண்ணம் மெல்லவே உலரும். ஆகவே ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கி, செம்பின் பளபளப்பையும் பட்டின் மடிப்பையும் மெய்போலக் காட்டலாம். அதனை அறிந்தவர் மதுரை இராமசாமி நாயக்கர். அவர் கற்பிக்க மறுத்தார். மதுரை நமக்கு அண்மையிலுள்ள ஊராதலின், இச்செய்தி நம் நெஞ்சைச் சற்றே உறுத்தும். ஆயினும், தொழில் நுட்பத்தை மறைத்துக் காத்தல் அக்காலக் கைவல்லாரிடம் அரிதன்று. நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பவர், ஆசிரியர் அறியாமல் இரவில் வந்து இரவிவர்மர்க்குச் சில நுட்பங்களைக் காட்டினார் என்று வரலாறு எழுதினோர் கூறுவர். ஆசிரியரின் சினத்துக்கு ஆளாக நேரும் என்று தெரிந்தே அவர் வந்திருத்தல் வேண்டும்.

1868இல் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் சொல்ல இசைந்திலர். தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டும் இடந்தந்தார். இருபது வயது இளைஞர்க்கு அது போதியதாயிற்று. எவ்வண்ணத்தின்மேல் எவ்வண்ணம் ஏறுகிறது என்பதைக் கண்ணாற் கற்று, பின்னர்த் தனித்திருந்து வரைந்தும் அழித்தும் பழகினார்.

ஐந்தே ஆண்டுகளில் பயன் விளைந்தது. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கையின் ஓவியம் 1873இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. வியன்னாவிலும் பரிசு பெற்றது. 1893இல் சிக்காகோவுக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களுக்குப் பதக்கங்கள் கிடைத்தன.

உருக்களை அமைக்கும் திறத்திலும் அவர் வல்லவர். பற்பல நாட்டு உடையணிந்த பதினொரு மகளிரை ஒரே ஓவியத்தில் இசைக்குழுவாக அமைத்தார். எனினும் பார்ப்பவர் கண் தடுமாறுவதில்லை. தந்தையின் வருகையைக் குறிக்கும் மற்றோர் ஓவியத்தில் தாயும் சேயும் நாயும் உண்டு; தந்தை இல்லை. தாய் நோக்கும் திசையே அவரை நமக்கு உணர்த்திவிடுகிறது. அவர் பாணி மேனாட்டைச் சார்ந்தது என ஆனந்த குமாரசுவாமி குறை கூறினார். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1894இல் பம்பாயில் அவர் அச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவர்களில் இருந்த திருமகளும் கலைமகளும் அச்சுப்படங்களாகி எளியோர் இல்லங்களுக்கு வந்தனர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மர் காலமானார்.