தேனீக்களின் மொழியறிந்தவர்

தேனீக்களால் நிறங்களைக் காண முடியாது என்று 1910களில் புகழ்பெற்ற கண் மருத்துவ அறிஞர் ஒருவர் உறுதியாகக் கூறிவந்தார். கார்ல் வான் ஃபிரிஷ் என்ற இளம் விலங்கியல் ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. பார்ப்பவர் இல்லையென்றால் மலர்களுக்கு இத்தனை நிறங்கள் எதற்கு?

1886ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த ஃபிரிஷ், அப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றினார். சாம்பல் நிற அட்டைகளுக்கு இடையே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மீது மட்டும் சர்க்கரைநீர் வைத்தார். தேனீக்கள் பழகியதும், அட்டைகளை இடம் மாற்றி வெறுங்கிண்ணங்களை வைத்தார். தேனீக்கள் நீல அட்டையையே தேடி வந்தன. வெளிர்சாம்பல் முதல் கருஞ்சாம்பல் வரை எதுவும் அவற்றை ஏமாற்றவில்லை. சிவப்பு மட்டும் அவற்றுக்குக் கருமையாகவே தெரிந்தது.

உணவைக் கண்டுவந்த தேனீ கூட்டுக்குள் ஆடுவதையும் அவர் கவனித்தார். வட்டமாக ஆடினால் தேன், உடலைக் குலுக்கி எட்டு வடிவில் ஆடினால் மகரந்தம் என்று 1920களில் எழுதினார்.

நாஜி ஆட்சியில் அவருக்குச் சோதனை வந்தது. அவருடைய தாய்வழிப் பாட்டி யூத மரபினர் என்பதால், 1941இல் அவரைப் பதவியிலிருந்து நீக்க ஆணையிட்டனர். அவரைக் காத்தவை தேனீக்களே எனலாம். நோசிமா என்னும் குடல்நோயால் நாடெங்கும் தேனீக்கள் மடிந்துகொண்டிருந்தன. தேனீக்கள் இல்லையேல் பழமரங்கள் காய்க்கா. அந்நோயை ஆராய அவர் தேவைப்பட்டதால் பதவிநீக்கம் தள்ளிப்போடப்பட்டது.

போரில் குண்டுவீச்சால் அவரது ஆய்வுக்கூடம் சிதைந்தது. ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டில் ஆய்வைத் தொடர்ந்தார். உணவுக் கிண்ணத்தை வெகுதொலைவில் வைத்துப் பார்த்தபோதுதான் தம் பழைய கருத்து தவறு என்று தெரிந்தது. எட்டு வடிவ ஆட்டம், உணவு இருக்கும் தொலைவையும் திசையையும் காட்டியது! செங்குத்தான தேனடையில் தேனீ மேல்நோக்கிக் குலுங்கி ஓடினால், உணவு சூரியன் இருக்கும் திசையில் உள்ளது; கீழ்நோக்கி ஓடினால் எதிர்த்திசையில் உள்ளது. இருபது ஆண்டுகளாகத் தம் பெயரில் நிலைத்திருந்த முடிவை அவரே திருத்தி வெளியிட்டார்.

சூரியனை மேகம் மறைத்தால்? சிறிதளவு நீலவானம் தெரிந்தால் போதும். வானொளி அதிரும் திசையை உணர்ந்து, சூரியன் இருக்கும் இடத்தைத் தேனீ அறிந்துகொள்கிறது. இதையும் அவரே கண்டறிந்தார்.

1973இல் நோபல் பரிசைக் கொன்ராட் லாரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட ஃபிரிஷ், 1982இல் காலமானார். தேனீயின் ஆட்டத்திற்குப் பொருள் உண்டா என்று சில அறிஞர்கள் ஐயுற்றே வந்தனர். 2005இல் தேனீக்களின் முதுகில் மிகச்சிறு கருவியைப் பொருத்தி, ராடார் மூலம் பின்தொடர்ந்தனர். ஆட்டத்தைக் கவனித்துப் புறப்பட்ட தேனீக்கள், அது காட்டிய திசையிலேயே பறந்து சென்றன.