காதை நம்பிய மேதை அமர் போஸ்



போஸ் என்ற பெயரைச் சொன்னதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? எல்லோருக்கும் முதலில் நேதாஜிதான். நம் துறைக்காரர்கள் கொஞ்சம் யோசித்தால் கம்பியில்லா அலைகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸைச் சொல்வார்கள். இயற்பியல் ஆசிரியரைக் கேட்டால் சத்யேந்திரநாத் போஸ் என்பார். நான் இந்த மலரில் எழுத எடுத்துக்கொண்டது நாலாவது போஸ். ஸ்பீக்கர் கடைக் கண்ணாடியில் நாம் பெயரை மட்டும் பார்த்திருக்கிற போஸ். அது வெறும் கம்பெனிப் பெயர் இல்லைங்க. அமர் கோபால் போஸ் என்று ஒரு மனிதர் நிஜமாகவே வாழ்ந்தார். அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது நானெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பையன். ஆனால் ஒரு ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாராவது என்னைக் கேட்டால், இன்றைக்கும் இந்த மனிதரின் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

ரேடியோ ரிப்பேர் பையன்

அமர் போஸின் அப்பா நோனி கோபால் போஸ் வங்காளத்துக்காரர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். மறுபடியும் போலீஸ் பிடிக்கும் என்ற நிலையில் 1920-ல் தப்பித்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிலடெல்பியா நகரில் குடியேறி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். 1929 நவம்பர் 2-ம் தேதி அமர் பிறந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் தோல் கருப்பாக இருந்தால் சில சாப்பாட்டுக் கடைகளில் சாப்பாடு கொடுக்க மாட்டார்கள். அந்த அவமானத்தை இந்தக் குடும்பமும் பட்டிருக்கிறது.

அப்பாவுக்கு இந்தியாவிலிருந்து பொருள்களை வரவழைத்து விற்கும் தொழில். இரண்டாம் உலகப்போர் வந்தது. கப்பல் எல்லாம் போருக்குப் போய்விட, சரக்கு வருவது நின்றது. தொழில் படுத்துவிட்டது. அப்போது அமருக்கு வயது 13. பொம்மை ரயில்களையும் ரேடியோக்களையும் பிரித்து மாட்டுவதில் பையன் கெட்டிக்காரன். அப்பா சரக்குப் போட்டு வந்த கடைகளிலேயே, இங்கே ரேடியோ பழுது பார்க்கப்படும் என்று அறிவிப்பு வைக்கச் சொன்னான். அப்பா கடை கடையாகப் போய் ரேடியோக்களை வாங்கி வருவார், மகன் வீட்டில் உட்கார்ந்து சரி செய்வான். அந்த வருமானத்தில் குடும்பம் நிமிர்ந்தது.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் மாலை நேரத்தில் செல்போன் கடையிலோ மைக் செட் கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறோம்! நான் எங்கள் மாமாவோடு கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போகிறவன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அவர் அயல்நாட்டுக்காரராகத் தெரியவில்லை.

1947-ல் அமர் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை. அது 1949-ல்தான் தொடங்கியது. இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே நார்பர்ட் வீனர், ஒய்.டபிள்யூ. லீ என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களின் நிழலில் மின் பொறியியல் படித்து, 1956-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவருடைய ஆராய்ச்சி முழுக்க முழுக்கக் கணிதம்.

கணக்கு சரி, பாட்டு சரியில்லை!

பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் ஒரு நல்ல ஹை-பை இசைக்கருவி வாங்கலாம் என்று முடிவு செய்தார். பொறியாளர் இல்லையா? எல்லாக் கம்பெனிகளின் விவரக் குறிப்புகளையும் படித்து, எண்களை ஒப்பிட்டு, தாளில் எது சிறந்ததோ அதையே வாங்கினார். வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டார். ஏமாற்றம்! சின்ன வயதில் வயலின் கற்றவர் அவர். வயலின் எப்படி ஒலிக்கும் என்று அவர் காதுக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் வந்த வயலின் வயலினாகவே இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வேறு யாராவது இருந்தால் பெட்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்கியிருப்பார்கள். இவரோ எண்கள் நன்றாக இருந்தும் ஒலி ஏன் நன்றாக இல்லை என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். நடுவில் உதவித்தொகை பெற்று டெல்லிக்கு வந்து ஓராண்டு ஆராய்ச்சி செய்தார். திரும்பிப் போய் எம்.ஐ.டி.யில் ஆசிரியரான பிறகும், பாடம் நடத்திய நேரம் போக ஒலி ஆராய்ச்சியிலேயே மூழ்கினார்.

அவர் கண்டது என்ன? ஒரு கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி நேராக வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து வருகிறது. பாஸ்டன் நகரின் இசை அரங்கில் எடுத்த அளவுகளின்படி இது 80 சதவீதத்துக்கு மேல். ஆனால் வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் ஒலியை நேராக நம் முகத்தில் வீசுகின்றன. நாதஸ்வரத்தைக் கல்யாண மண்டபத்தில் கேட்பதற்கும் வெட்ட வெளியில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கே தெரியும் அல்லவா? அதைத்தான் அவர் அளந்து காட்டினார்.

1964-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அவருடைய ஆசிரியர் லீ தன் சேமிப்பையே எடுத்து முதலீடாகக் கொடுத்தார். 1966-ல் வந்த முதல் ஸ்பீக்கரின் பெயர் 2201. அறையின் மூலையில் வைக்க வேண்டிய, 22 சின்ன ஸ்பீக்கர்கள் பதித்த, உருண்டையில் எட்டில் ஒரு பங்கு வடிவப் பெட்டி. அது விலை போகவில்லை. ஆனாலும் மனிதர் அசரவில்லை. 1968-ல் 901 வந்தது. 9 ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் நம்மைப் பார்த்திருக்கும். மீதி 8-ம் பின்பக்கச் சுவரைப் பார்த்திருக்கும்! இது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் பாராட்டினார்களா என்றால் இல்லை. 1970-ல் ஒரு நுகர்வோர் பத்திரிகை, இந்த ஸ்பீக்கரில் இசைக்கருவிகள் இடம் மாறி அலைவதுபோல் கேட்கிறது என்று எழுதியது. போஸ் வழக்குப் போட்டார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-ல் பத்திரிகைக்கே சாதகமாக முடிந்தது. காதை நம்பச் சொன்னவருக்கே, அடுத்தவர் காது வேறு மாதிரி கேட்கும் என்ற பதில் கிடைத்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

சின்னப் பெட்டி, மறைந்த பெட்டி

இன்று நாம் ஹோம் தியேட்டர் என்று வாங்குவதன் உருவத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1987-ல் இவர் கம்பெனி கையடக்கமான சின்னச் சின்ன ஸ்பீக்கர்களையும், கண்ணில் படாமல் ஓரமாக வைக்கும் ஒரு பாஸ் பெட்டியையும் சேர்த்து விற்றது. பாஸை மட்டும் மறைத்து வைக்கலாம் என்பதற்குக் காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5 மீட்டருக்கு மேல். அதாவது நம் வீட்டு ஹாலைவிட நீளம். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 11 சென்டிமீட்டர்தான். அது வரும் திசையைக் காது சட்டென்று கண்டுபிடித்துவிடும். அதனால்தான் 5.1 அமைப்பில் முன்னால் இடம், வலம், நடு என்று மூன்றும், கேட்பவருக்குப் பக்கவாட்டில் சற்றே பின் தள்ளி இரண்டும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் புள்ளி 1 மட்டும் எந்த மூலையிலும் இருக்கலாம். படத்தில் பேசும் வசனத்தில் பெரும்பகுதி அந்த நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்க அப்பா திரிசூலம் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் பல வருஷம் வேலை பார்த்தவர். இப்போது பெருங்களத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்த இரைச்சல் அவர் காதைப் பாதித்துவிட்டது. டி.வி.யில் படம் ஓடினால் சத்தம் கேட்கும், பேச்சு விளங்காது. எல்லோரும் சிரித்த பிறகு, என்ன சொன்னான் என்று அம்மாவைக் கேட்பார். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். படம் ஓடும்போது வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

போன தீபாவளிக்கு அம்மா சீட்டு எடுத்தார்கள். அதில் 12,000 ரூபாயை ஒதுக்கி, ஒரு ஹோம் தியேட்டர் வாங்கலாம், நீதான் படிச்ச பிள்ளை, நீயே பார்த்துச் சொல் என்று என்னிடம் விட்டார்கள். வருஷம் முழுக்கச் சிறுகக் கட்டிய பணம். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். முதல் கடையில் ஒரு பெட்டியில் 10,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். 230 வோல்ட், 80 வாட்! உள்ளே 80 வாட் வாங்குகிற பெட்டி தொடர்ந்து 10,000 வாட் எங்கேயிருந்து கொடுக்கும்? கண் சிமிட்டும் நேரத்துக்கு வருகிற உச்சத்தை எப்படியோ பெருக்கி எழுதுகிற எண் அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதுவும் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது சத்தமே இல்லை என்பதுதான் விஷயம். இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்த மேல் அலைவரிசையில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் ஆ, ஓ என்ற ஓசை கேட்கும், சொல் கேட்காது. கடைக்காரர் பெருமையாகப் போட்டுக் காட்டிய குண்டு வெடிக்கிற பாஸ், அப்பாவுக்கு இருக்கிற சொல்லையும் மூடிவிடும்.

பென் டிரைவில் அப்பாவுக்குப் பழக்கமில்லாத ஒரு படத்தின் பேச்சுக் காட்சியை எடுத்துப் போயிருந்தேன். நான்கு கடைகளில் அதே காட்சியை, ஒரே அளவு சத்தத்தில் போடச் சொன்னேன். அப்பா திரையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து, கேட்ட வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது கடையில்தான் அதிகம் சொன்னார். நடு ஸ்பீக்கர் தனியாக, கொஞ்சம் பெரிதாக இருந்த சாதாரணப் பெட்டி அது. வாட் எண் மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு. அதையே வாங்கினோம்.

வீட்டில் நடு ஸ்பீக்கரை அலமாரிக்குள் தள்ளாமல், டி.வி.க்குக் கீழே மேசை விளிம்பில், உட்காருகிறவர் காதைப் பார்த்தபடி லேசாகச் சாய்த்து வைத்தேன். பாஸைக் குறைத்தேன். வெறும் சிமெண்ட் சுவர் எதிரொலித்ததால், எதிர்ச் சுவரில் தடித்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். அமர் போஸ் சுவரை நண்பனாக்கிக்கொண்டார். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அதே சுவரைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருந்தது. சுவரைக் கவனி என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

அன்றைக்கு ஒரு நகைச்சுவைக் காட்சியில் அப்பா எங்களோடு சேர்ந்து, அதே நொடியில் சிரித்தார். எல்லா வசனமும் அவருக்குக் கேட்கிறது என்று சொல்ல மாட்டேன். ஸ்பீக்கர் மருந்து இல்லை. ஆனால் அவர் திண்ணைக்குப் போவதில்லை.

ஆசிரியராகவே இருந்தார்

கோடிகளைப் பார்த்த பிறகும் அமர் போஸ் வாத்தியார் வேலையை விடவில்லை. 2001 வரை எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகாமல், லாபத்தை மறுபடியும் ஆராய்ச்சியில் போட்டார். 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சல் பாட்டை மூழ்கடிக்க, இரைச்சலை எதிர் அலையால் அழிக்கும் கணக்கை விமானத்திலேயே போடத் தொடங்கினார். 1989-ல் அது விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது. 2011-ல் தன் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதியைத் தான் படித்த கல்லூரிக்கே கொடுத்தார். 2013 ஜூலை 12-ம் தேதி, 83-வது வயதில் காலமானார்.

நண்பர்களே, அவர் எண்களை வெறுத்தவர் அல்ல. எண்களைக் கரைத்துக் குடித்தவர். அதனால்தான் எந்த எண் காதுக்குப் பதில் சொல்லவில்லை என்று அவரால் பார்க்க முடிந்தது. நாளைக்கு நம் தெருவில் யாராவது சீட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி நீ டிப்ளமோ படிக்கிறியே, எதை வாங்கலாம் என்று கேட்பார்கள். பெட்டியில் அச்சடித்ததைப் படித்துக் காட்டுவதற்கு நாம் தேவையில்லை. பின்பக்கத் தகட்டைத் திருப்புங்கள். யார் கேட்கப்போகிறார்களோ அவரையே உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நம்மை நம்பி வருகிறவர்களின் பணத்துக்கு நாம் செய்கிற மரியாதை அது.



– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை