பார்க்கின்சன்: நோய்க்குப் பெயர் தந்தவர்... ஆனால் அந்த போட்டோவில் இருப்பவர் இவர் இல்லை!

‘பார்க்கின்சன்’ என்று கூகுளில் தட்டினால் என்னென்னவோ வரும். கை நடுங்கும் ஒரு நோய். இதயம் திடீரென்று படபடக்கும் ஒரு பிரச்சினை. ஆபீஸ் மீட்டிங்குகளில் அடிபடும் ஒரு ‘விதி’. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் காரணமா?

இல்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்கள். பார்க்கின்சன் என்பது இங்கிலாந்தில் சகஜமான குடும்பப் பெயர். ‘பார்க்கின்’ என்பது பீட்டரின் செல்லச் சுருக்கம். ‘சன்’ என்றால் மகன். அவ்வளவுதான். இவர்களில், நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் யார்?

அப்பா பார்த்த அதே தொழில்

1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பா ஜான் அந்த ஏரியாவின் மருத்துவர். மருந்து கலக்குவது, கட்டி அறுப்பது, வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவரே. ஜேம்ஸும் அவரிடமே தொழில் கற்று, கடைசி வரை ஹாக்ஸ்டனிலேயே வைத்தியம் பார்த்தார். சாதாரண மக்கள் புரிந்துகொள்ளும்படி மருத்துவக் குறிப்பு நூல்களும் எழுதினார்.

ராஜாவைக் கொல்லச் சதியா?

அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். சாமானியனுக்கும் ஓட்டுரிமை கேட்ட லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டியில் சேர்ந்தார். ‘ஓல்டு ஹியூபர்ட்’ என்ற புனைபெயரில் அரசை விமர்சித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார்.

1794இல் சிக்கல் வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரை விஷ அம்பால் கொல்லச் சதி நடந்ததாக அந்தச் சங்கத்தைச் சேர்ந்த சிலர் கைதானார்கள். பிரதமர் வில்லியம் பிட் உள்ளிட்டோர் பார்க்கின்சனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தன்னையே மாட்டிவிடும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை என்ற உறுதி கிடைத்த பிறகுதான் மனுஷர் வாயையே திறந்தார். கடைசியில் அந்த வழக்கு நிற்கவில்லை.

பிறகு அவர் கவனம் புதைபடிவங்கள் பக்கம் திரும்பியது. 1804 முதல் 1811 வரை அதுபற்றி மூன்று பாகங்களில் நூல் வெளியிட்டார். 1807இல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

தெருவில் கண்டுபிடித்த நோய்

1817இல், 62 வயதில், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஸ்கேன் இல்லை, லேப் இல்லை. ஆதாரம் வெறும் ஆறு பேர். அதிலும் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்தில் இருந்துதான் பார்த்தார்.

சும்மா இருக்கும்போதும் கை நடுங்குகிறது. உடல் முன்னால் வளைகிறது. நடக்க ஆரம்பித்தால் கால்கள் தானாக ஓட்டம் பிடிக்கின்றன. தனித்தனியாகத் தெரிந்த இந்த அறிகுறிகளை ஒரே நோயாகச் சேர்த்துப் பார்த்ததுதான் அவருடைய சாதனை.

காரணம் தண்டுவடத்தின் மேல்பகுதியில் இருக்கலாம் என்று ஊகித்தார். அது சரியில்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதே காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

பெயர் வைத்தது யார்?

அவர் வைக்கவில்லை. 1824இல் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ வைத்தார். இந்த நோய் வந்த எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, தசை பலமும் போய்விடுவதில்லை. அதனால் ‘நடுக்குவாதம்’ பொருந்தாது, பார்க்கின்சன் பெயரே இருக்கட்டும் என்றார் அவர்.

மற்ற இருவர்?

இசிஜி ரிப்போர்ட்டில் ‘வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட்’ என்று இருந்தால், அது நடுக்க நோய் அல்ல. இதயத்தில் மின்சாரம் பாய ஒரு கூடுதல் பாதை இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பார்க்கின்சன், 1930இல் மற்ற இருவருடன் சேர்ந்து அதை விவரித்த இதய மருத்துவர் ஜான் பார்க்கின்சன். ரிப்போர்ட்டை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். கூகுளில் தேடிப் பயப்பட வேண்டாம்.

எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவ்வளவுக்கும் வேலை இழுத்துக்கொண்டு போகும் என்ற ‘பார்க்கின்சன் விதி’? அதை 1955இல் எழுதியவர் நார்த்கோட் பார்க்கின்சன். வரலாற்றுப் பேராசிரியர்.

அந்த போட்டோ?

இணையத்தில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று போட்டோக்கள் சுற்றுகின்றன. எதுவும் அவர் இல்லை. கேமராவில் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படமே அவர் இறந்த பிறகு எடுத்ததுதான். அந்தப் படங்களில் இருப்பது அதே பெயர் கொண்ட வேறு ஆட்கள். ஒருவர் பல் மருத்துவர், இன்னொருவர் டாஸ்மேனியாவின் கலங்கரை விளக்கக் காவலர். அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த ஓவியமும் கிடைக்கவில்லை.

முகம் தெரியாவிட்டாலும் அவர் பிறந்த ஏப்ரல் 11தான் இன்று உலகப் பார்க்கின்சன் தினம். அவர் செய்ததை நாமும் செய்யலாம்: கவனிப்பது. வீட்டுப் பெரியவரின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா? ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.